உடைவதற்கென்றே ஒரு பொம்மை

கூண்டுப் பறவை வளர்ப்பவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: "சார், கடையில நல்ல பொம்மையா பார்த்து வாங்கிப் போட்டேன். ரெண்டே நாள்ல கடிச்சுத் துப்பிடுச்சு. உடையாத பொம்மை எங்கே கிடைக்கும்?" டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் இல்லை இது. ஆனாலும் முதல் வரியை இப்போதே சொல்லிவிடலாம். அந்தப் பொம்மை தன் வேலையை ஒழுங்காக முடித்திருக்கிறது. உடையாத பொம்மையைத் தேட வேண்டாம். உடையும்போது கெடுதல் செய்யாத பொம்மையைத் தேடுங்கள். அதைக் கடையில் தேடி அலைவதைவிட வீட்டில் செய்துகொள்வது சுலபம்.

தேன்கனிக்கோட்டையில் இருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம். ஓசூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தெற்கே இருக்கும் இந்த ஊருக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் ராகிக் கொல்லை, மல்பெரித் தோட்டம், தளி வட்டாரத்து ரோஜாக் குடில்கள், அதற்கப்பால் யானைகள் நடமாடும் காடு. இன்னொரு பக்கம் விடியுமுன்னே ஆளேற்றிக்கொண்டு ஓசூர் சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்கள். பறவைப் பொம்மைக்கு ஆகும் சாமான் பெரும்பாலும் முதல் பக்கத்தில் சும்மா கிடக்கிறது. ஆகாத சாமான் பெரும்பாலும் இரண்டாவது பக்கத்திலிருந்து சட்டைப் பையில் வீடு வந்து சேர்கிறது. எது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இன்றைய பேச்சு.

அதற்கு முன் ஒரு விஷயம். நான் சொல்வது லவ் பேர்ட்ஸ் என்று நம் கடைகளில் விற்கும் பட்ஜெரிகர், காக்கடீல், ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ், ஃபிஞ்ச் போன்ற பறவைகளுக்கு. நம்மூர்ப் பச்சைக்கிளிக்கு அல்ல. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் அடைத்து வைப்பதும் குற்றம். அதற்குப் பொம்மை வேண்டாம், காடும் வயலும் போதும்.

இனி, பறவை ஏன் கடிக்கிறது? பட்ஜெரிகரின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அங்கே கூட்டம் கூட்டமாகப் பறந்து, தரையில் இறங்கி, புல் விதை ஒவ்வொன்றாகத் தேடி, தோலை உரித்துத் தின்ன வேண்டும். பகலில் பெரும்பகுதி இந்த வேலையிலேயே போய்விடும். கூண்டில் என்ன நடக்கிறது? கிண்ணம் நிறையத் தினை. கால் மணி நேரத்தில் வயிறு நிறைந்துவிடுகிறது. மிச்சமிருக்கும் பகல் முழுவதும் அந்த அலகுக்கு வேலையில்லை. வேலையில்லாத அலகு கம்பியைக் கடிக்கும், துணையைக் கொத்தும், கடைசியில் தன் இறகையே பிடுங்கத் தொடங்கும். அமெரிக்காவில் டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இளம் அமேசான் கிளிகளை வைத்து நடத்திய ஆய்வு 2003-ல் வெளிவந்தது. தேடித் தின்னும் வாய்ப்பும் ஏறி இறங்கச் சாமான்களும் கொடுத்தால் இறகு பிடுங்கும் பழக்கம் வராமல் தடுக்கலாம், வந்ததையும் குறைக்கலாம் என்று அதில் தெரிந்தது. ஆக, பொம்மை என்பது கூண்டுக்குச் செய்யும் அலங்காரம் இல்லை. அலகுக்குக் கொடுக்கும் வேலை.

இதை மனதில் வைத்துக்கொண்டு, எல்லை தாண்டி ஒரு பொம்மையைப் பார்ப்போம். பெங்களூரு–மைசூரு சாலையில் இருக்கிறது சென்னப்பட்டணம். புவிசார் குறியீடு பெற்ற மரப் பொம்மைகளின் ஊர். வெட்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு, சாயம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். பிறகு தாழை ஓலையை வைத்து அழுத்தித் தேய்த்தால் மின்னும். அரக்கு பூச்சியிலிருந்து வருகிற பிசின். பழைய முறையில் சாயமும் மஞ்சள், அவுரி போன்ற செடி கொடிகளிலிருந்து எடுத்ததுதான். கைக்குழந்தை வாயில் வைத்துச் சப்பினாலும் பயமில்லை என்பது அந்தப் பொம்மைக்குக் கிடைத்த பெயர்.

அப்படியானால் அதையே கூண்டில் தொங்கவிடலாமே என்று கேட்பீர்கள். குழந்தை சப்பும், பறவை பிளக்கும். இரண்டும் வேறு சோதனை. குழந்தைப் பொம்மையில் மேல்பூச்சு உரியக் கூடாது, துண்டு உடையக் கூடாது. பறவைப் பொம்மையில் எல்லாமே உரியும், எல்லாமே உடையும், உடைந்ததில் கொஞ்சம் வயிற்றுக்குள்ளும் போகும். இந்தியாவில் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் அந்த ஆணை 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்குத்தான். பறவைப் பொம்மை அதற்குள் வராது. கடையில் பளபளப்பாகத் தொங்கும் பறவைப் பொம்மையில் என்ன சாயம், என்ன கம்பி என்று கேட்டால் கடைக்காரருக்கும் பதில் தெரியாமல் இருக்கலாம். வீட்டில் செய்தால், ஒவ்வொரு துண்டும் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

முதலில் ஆகாதவற்றைப் பார்த்துவிடுவோம். கம்பெனியில் வேலை செய்கிறவர் வீட்டில் போல்ட், நட், வாஷர், ஜி.ஐ. கம்பி, ஒயர் துண்டு, ரப்பர் புஷ் என்று ஏதாவது கிடக்கும். வாஷர்களைக் கோத்தால் கலகலவென்று சத்தம் வரும், பறவைக்கும் பிடிக்கும். அதனால்தான் ஆபத்து. ஜி.ஐ. என்றால் இரும்பின்மேல் துத்தநாகப் பூச்சு. பறவை அலகால் சுரண்டி அந்தப் பூச்சைத் துகள் துகளாக விழுங்கும். விழுங்கிய உலோகம் இரைப்பையிலேயே தங்கி, அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் சேரும். பட்ஜெரிகரின் எடையே 30, 40 கிராம்தான். அதற்கு எவ்வளவு துத்தநாகம் அதிகம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சால்டரிங் செய்த இடத்தில் ஈயம் இருக்கலாம், அது இன்னும் மோசம். உப்பிக்கொண்டு உட்கார்ந்திருத்தல், வாந்தி, தண்ணீராகவோ பச்சையாகவோ எச்சம், கால் தளர்ச்சி, வலிப்பு எல்லாம் உலோக நஞ்சின் அடையாளங்கள்.

"காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். பாதிதான் தெரியும். ஜி.ஐ.யில் காந்தம் ஒட்டும், நல்ல 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் ஈயத்திலும் ஒட்டாது, துத்தநாகத்திலும் ஒட்டாது, பித்தளையிலும் ஒட்டாது. ஆகவே காந்தம் ஒட்டாததெல்லாம் நல்லது என்று ஆகிவிடாது. எதில் செய்தது என்று நிச்சயமாகத் தெரியாத உலோகம் கூண்டுக்குள் போகக் கூடாது. அவ்வளவுதான் விதி. கூண்டே ஜி.ஐ. வலையில் செய்ததாக இருந்தால், பறவையை விடுவதற்கு முன் வினிகர் தொட்டு பிரஷால் நன்றாகத் தேய்த்து, கழுவி, வெயிலில் காயவையுங்கள். தளர்ந்து நிற்கும் பூச்சுத் துகள்கள் போய்விடும்.

சாவி வளையம் வேண்டாம். அலகோ நகமோ அதன் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். மாட்டுச் சலங்கையும் வேண்டாம். அதன் பிளவில் விரல் சிக்கும்.

அடுத்து நூல். பறவைக் கூண்டில் உலோகத்துக்கு அடுத்த எதிரி அதுதான். நைலான் நூல் காலில் சுற்றினால் அறுக்கும், பறவை இழுக்க இழுக்க இறுகும். பருத்திக் கயிறு பிரிந்து பஞ்சாகி, விழுங்கினால் தீனிப்பையில் உருண்டு அடைத்துக்கொள்ளும். நம் வட்டாரத்தில் பட்டுக்கூடு சாதாரணமாகக் கிடைக்கும். வெள்ளையாய், மஞ்சளாய், பார்க்க மணி மாதிரி இருக்கும். அதைக் கோத்துத் தொங்கவிட யாருக்கும் ஆசை வரும். ஒரு கூட்டில் ஒரு கிலோமீட்டர் நீளம்வரைகூட அறாத இழை இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு அந்த ஆசையை விட்டுவிடுங்கள். கட்டியே ஆக வேண்டிய இடத்தில் தேங்காய் நார்க் கயிறோ வாழை நாரோ போதும். அவை கடித்தால் அறுந்துவிடும். பறவைக்கு அதுதான் நல்லது. முடிச்சுக்குப் பிறகு தொங்கும் முனை விரல்கடை நீளத்தைத் தாண்டக் கூடாது.

செடி கொடியிலும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க முடியாது. நெடுஞ்சாலை நடுவில் பூத்துக் குலுங்கும் அரளியின் குச்சி, இலை, பூ எல்லாமே இதயத்தை நிறுத்தும் நஞ்சு. வேலியோரத்து எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, காட்டாமணக்கு, காட்டை மூடிக் கிடக்கும் உண்ணிச்செடி எதுவும் வேண்டாம். பட்டர் ஃப்ரூட்டின் இலையும் கொட்டையும் பழமும் பறவைக்கு ஆகாது. சிவப்பும் கறுப்புமாக ஜொலிக்கும் குன்றிமணியை மணியாகக் கோக்கவே கோக்காதீர்கள். முழுதாக இருக்கும்வரை அதன் ஓடு விஷத்தை அடைத்து வைத்திருக்கும், ஆனால் கொட்டையை உடைப்பதுதானே கிளி இனத்தின் தொழில். ரோஜாக் குச்சி இயல்பில் விஷமில்லை. ஆனால் ஏற்றுமதிக்காகக் குடிலில் வளர்க்கும் ரோஜாவுக்கு இலைப்பேன், செம்பேன், சாம்பல் நோய் என்று ஓயாமல் மருந்தடிப்பார்கள். ஆகையால் நம்மூரின் பெருமையான அந்தப் பூ நம் கூண்டுக்கு வேண்டாம்.

சரி, ஆகும் சாமான் எது? முதலிடம் மல்பெரிக் குச்சிக்கு. கிருஷ்ணகிரி மாவட்டம் பட்டுப்புழு வளர்ப்புக்குப் பேர்போனது, கவாத்து செய்யும்போது குச்சிகள் கட்டுக் கட்டாக விழும். பட்டை மெல்லியது, உரிக்க ஏற்றது, பறவைக்குக் கெடுதல் இல்லாத மரம். ஒரு எச்சரிக்கை மட்டும்: குச்சியைத் தோட்டத்திலிருந்து எடுங்கள், புழு மனையின் தட்டிலிருந்து எடுக்காதீர்கள். நோய் வராமல் இருக்கத் தட்டின்மேல் சுண்ணாம்பும் கிருமிநாசினியும் தூவியிருப்பார்கள். கடைசியாக எப்போது மருந்தடித்தீர்கள் என்று தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மல்பெரி கிடைக்காதவர்களுக்குக் கொய்யாக் குச்சி இருக்கிறது, மூங்கில் இருக்கிறது.

இரண்டாவது, பாக்குமட்டைத் தட்டு. பந்தியில் பொங்கல் வைத்துக் கொடுக்கும் அதே தட்டு. உதிர்ந்த பாக்கு மட்டையைக் கழுவி, சூடான அச்சில் அழுத்தி எடுப்பது. பசை இல்லை, சாயம் இல்லை, பூச்சு இல்லை. புதுத் தட்டாக இருக்க வேண்டும், சாப்பிட்ட தட்டில் எண்ணெயும் உப்பும் ஏறியிருக்கும். பட்ஜெரிகர் இதைக் கடிக்கிற விதத்தை உட்கார்ந்து பார்க்கலாம். நடுவில் வாய் வைக்காது. விளிம்பிலிருந்து ஆரம்பித்து, பிறை வடிவில் ஒரு கடி, அதையொட்டி இன்னொரு கடி என்று வரிசை பிசகாமல் நகர்ந்து போகும். கீழே விழும் துண்டுகள் பஸ் கண்டக்டர் பஞ்ச் செய்த டிக்கெட் துணுக்கு மாதிரியே இருக்கும்.

மூன்றாவது, கொட்டாங்குச்சி. ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினால் தொட்டியும் ஆகும், வளையமும் ஆகும். வளையம் செய்யும்போது ஓட்டையின் அளவு முக்கியம். தலை நுழையவே முடியாத அளவு சிறியதாக இருக்கட்டும், அல்லது முழு உடம்பும் தாராளமாகப் போய்வரும் அளவு பெரியதாக இருக்கட்டும். தலை நுழைந்து தோள் நுழையாத ஓட்டைதான் கழுத்தை மாட்டிவைக்கும்.

நான்காவது, ராகிக் கதிர். அறுவடைக் காலத்தில் யானைக்குப் பயந்து பரண் கட்டி இரவெல்லாம் காத்து எடுக்கிற தானியம் இது. அதில் நாலு கதிரைத் தாளோடு வாங்கி வந்தால், பறவைக்கு அதைவிடப் பெரிய விருந்து கிடையாது. ரோட்டில் பரப்பி வண்டி ஏற்றி அடித்த கதிராக இல்லாமல், கொல்லையிலிருந்து நேராக வாங்குங்கள்.

வெள்ளைக் காகிதம், டிஷ்யூ ரோலின் நடு அட்டை இவையும் நல்ல சாமான்தான். கடை பில் காகிதம் மட்டும் கூடாது, அதன்மேல் ரசாயனப் பூச்சு இருக்கிறது. பேப்பர் கப்பின் உள்பக்கத்தில் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கும், அதுவும் வேண்டாம்.

இப்போது நிறத்துக்கு வருவோம். நிறம் வேண்டுமா என்றால், வேண்டும். பறவையின் கண்ணில் நமக்கு இருப்பதைவிட ஒருவகை நிறமுணர் செல் கூடுதலாக, நான்கு வகை உண்டு. நமக்குத் தெரியாத புற ஊதாவும் அதற்குத் தெரியும். பட்ஜெரிகரின் உச்சந்தலை மஞ்சள் இறகு புற ஊதா ஒளியில் ஒளிர்கிறது என்றும், துணை தேடும்போது அந்த ஒளிர்வுக்கு மதிப்பு உண்டு என்றும் 2002-ல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும் இயற்கைச் சாயம் அதன் கண்ணுக்கு எப்படித் தெரியுமோ, யார் கண்டது? ஆகவே பளிச்சென்று இருக்க வேண்டும் என்று பெயின்ட் டப்பாவைத் தொட வேண்டியதில்லை.

கோலப்பொடி, ஹோலிப் பொடி, குங்குமம், செந்தூரம் எல்லாம் விலக்க வேண்டியவை. 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சுமிட்டாயைத் தடை செய்தது நினைவிருக்கும். துணிக்கும் தோலுக்கும் போடும் ரோடமின் பி என்ற சாயம் அதில் இருந்ததுதான் காரணம். அந்த மாதிரி அடர்ந்த ரோஸ் நிறம் எங்கே மலிவாகக் கிடைத்தாலும் சந்தேகப்படுங்கள். கடைச் சாயம்தான் வேண்டும் என்றால், உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதித்துள்ள செயற்கை நிறங்கள் எட்டுதான். அந்தப் பெயர்கள் அச்சிட்ட பாட்டிலை மட்டும் வாங்குங்கள், அதிலும் நாலு சொட்டுக்கு மேல் வேண்டாம்.

சமையலறையிலேயே நாலு நிறம் எடுக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூள் போட்டுக் கொதிக்க வைத்தால் மஞ்சள். கடைத் தூளில் கலப்படம் இருக்கலாம் என்பதால் கிழங்கு வாங்கி அரைத்தது உத்தமம். துருவிய பீட்ரூட்டைக் கொதிக்கவிடாமல், கைபொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்தால் ரோஸ். அதிகம் சுட்டால் அந்த நிறம் பழுப்பாகிவிடும். ஒரு கைப்பிடி சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம், அதில் எலுமிச்சை நாலு சொட்டு விட்டால் கண்ணெதிரே ஊதா. பூவின் நிறமி புளிப்புக்கு நிறம் மாறும் குணம் கொண்டது. மஞ்சள் ஏறிக் காய்ந்த துண்டை நீலத்தில் முக்கினால் பச்சைச் சாயல் வரும். பீட்ரூட்டும் மஞ்சளும் வெயிலில் வெளுக்கும், எனவே நிழலில், காற்றோட்டத்தில் உலர்த்துங்கள். உலர்த்துவதில் அவசரம் கூடாது. நம்மூர்க் குளிர்காலத்தில் பாக்குமட்டை மேலே காய்ந்தது போல் இருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அந்த ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் பறவையின் நுரையீரலைக் கெடுத்துவிடும். வளைத்தால் மடங்காமல் படக்கென்று ஒடிய வேண்டும், அதுதான் பதம்.

சாமான் தயார். இனி செய்வோம். ஒரு தட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, கத்திரிக்கோலால் தீப்பெட்டியில் பாதி அளவுத் துண்டுகளாக வெட்டுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றின் நடுவிலும் குத்தூசியால் பென்சில் நுழையும் அளவு ஓட்டை போடுங்கள். ஓரத்தில் நீளமாக நார் பிரிந்து நின்றால் நறுக்கிவிடுங்கள். நாலு கிண்ணச் சாயத்தில் பிரித்துப் போட்டு, ஒரு இரவு ஊறவிட்டு, எடுத்து உலர்த்துங்கள்.

பென்சில் கனத்தில் நேரான மல்பெரிக் குச்சி ஒன்றைக் கழுவி வெயிலில் காயவையுங்கள். பட்டையை உரிக்க வேண்டாம், அது பறவைக்கு. கூண்டின் அகலத்தைவிட இரண்டு விரற்கடை நீளமாக வெட்டி, இரு முனையிலும் கம்பி உட்காரும்படி வெட்டுக்காடி போடுங்கள். இனி கோக்க வேண்டியதுதான்: மஞ்சள் துண்டு, நீலத் துண்டு, கொட்டாங்குச்சி வளையம், சுருட்டிய காகிதம், மறுபடி ரோஸ் துண்டு. நெருக்கிக் கோக்காதீர்கள். துண்டுகள் சுழன்று, நகர்ந்து, சரசரக்க வேண்டும். நடுவில் இரண்டு ராகிக் கதிரைத் துண்டுகளுக்கிடையே செருகுங்கள். குச்சியின் காடியைக் கூண்டுக் கம்பிக்கிடையில் பொருத்தினால் வேலை முடிந்தது. இதில் கம்பியும் இல்லை, நூலும் இல்லை. கடித்து முடித்தபின் மிஞ்சும் குச்சியும் கடிக்கத்தான்.

காக்கடீலுக்குத் துண்டு இரண்டு மடங்கு பெரியதாக இருக்கட்டும். ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸுக்கு உடம்பு சிறியது, அலகு பலமானது. அவற்றுக்குத் தடித்த குச்சி போடுங்கள். ஃபிஞ்ச் மரத்தைப் பிளக்காது. அதற்குக் கதிரும் ஊஞ்சலும் போதும்.

மாட்டிய உடனே பறவை பாய்ந்து வந்து விளையாடும் என்று எதிர்பார்க்காதீர்கள். புதுச் சாமான் என்றால் அதற்குப் பயம். இரண்டு மூன்று நாள் கூண்டுக்கு வெளியே, கண்ணில் படும் தூரத்தில் வையுங்கள். பிறகு உள்ளே, உட்காரும் கட்டைக்குச் சற்றுத் தள்ளி. முதலில் ராகியைத் தொடும், அப்புறம்தான் தட்டை. ஒரே நேரத்தில் கூண்டை நிறைக்காமல், மூன்று நாலு பொம்மை செய்து வைத்து வாரம் ஒன்றாக மாற்றுங்கள். ஒற்றைப் பறவைக்குக் கண்ணாடி மட்டும் வைத்துப் பொழுதுபோக்காதீர்கள். கண்ணாடியில் தெரிவதைத் துணை என்று நம்பி, அதற்கே இரை ஊட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும்.

தினமும் காலையில் தீனி வைக்கும்போது பொம்மையை ஒரு தடவை கையால் தடவிப் பாருங்கள். பிரிந்த நார், ஈரம், எச்சம் பட்ட துண்டு, கூர்மையான சிம்பு எது இருந்தாலும் எடுத்துவிடுங்கள். நூலோ உலோகமோ விழுங்கியிருக்கும் என்று சந்தேகம் வந்தால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சின்னப் பறவை நோயை மறைத்து வைத்து, முடியாத கட்டத்தில்தான் காட்டும். பறவை பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். உள்ளூரில் முடியாவிட்டால் பெங்களூரு ஹெப்பாலில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

டீ முடிந்தது. போகிற வழியில் பாத்திரக் கடையிலோ பந்திச் சாமான் கடையிலோ பாக்குமட்டைத் தட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் கூண்டுக்கு அடியில் கலர் கலராய்த் துணுக்கு இறைந்து கிடந்தால், பெருக்கித் தள்ளிவிட்டு இன்னொன்று கோத்து மாட்டுங்கள்.